ஒரு போத்தல் என்றால் எத்தனை லீற்றர்?

போன மார்கழியில் லண்டனில் இருக்கிற தங்கச்சிக்கு இராசவள்ளிக் கிழங்குக் கஞ்சி காய்ச்ச ஆசை வந்தது. அம்மா தொலைபேசியில் பக்குவம் சொன்னார். தேங்காயின் முதற்பால் ஒரு பேணி, தண்ணீர் இரண்டு பேணி, கிழங்கு இவ்வளவு, சீனி உன் வாய்க்கு ஏற்றபடி. மறுநாள் அவள் அழைத்தாள். "அக்கா, கஞ்சி தண்ணியாப் போச்சு. அம்மா சொன்ன மாதிரித்தான் அளந்தனான்."

எதால் அளந்தாய் என்று கேட்டேன். அவளிடம் பேணி இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பேணி, ரின்பால் முடிந்தபின் கழுவி வைத்த வெறும் தகரம் என்பது அவளுக்கு நினைவிருந்தது. லண்டன் கடையில் அதே அளவு ரின்பாலில் 397 கிராம் என்று போட்டிருந்ததாம். சரி, 400 என்று எடுத்துக்கொண்டு, கோடு போட்ட சாடியில் 400 மி.லீ. பாலும் 800 மி.லீ. தண்ணீரும் அளந்து ஊற்றியிருக்கிறாள்.

அம்மாவின் பேணியை சமையலறைத் தராசில் வைத்து, பூச்சியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன். 300 கிராமுக்குச் சற்று மேலே காட்டியது. தண்ணீரில் ஒரு கிராம் என்பது ஒரு மில்லிலீற்றர். அப்படியென்றால் பேணி கொள்வது ஏறக்குறைய 300 மி.லீ. தகரத்தில் அச்சிட்ட 397 அதற்குள் இருந்த பாலின் எடை. சீனி போட்டு வற்றவைத்த பால் தண்ணீரைவிட அடர்த்தியானது, ஒரு லீற்றர் 1.3 கிலோ அளவில் நிறுக்கும். அதனால் 397 கிராம் பால் 300 மி.லீ. இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. தங்கச்சியின் கஞ்சிக்குள் மொத்தம் 300 மி.லீ. அதிகமாகப் போயிருந்தது. ஒரு முழுப் பேணி.

அவள் செய்தது கவலையீனமான வேலை அல்ல. எண்ணைப் பார்த்து, ஒழுங்காக அளந்தாள். பேணி என்ற சொல்லுக்குள் எந்த எண் இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் திரவத்தை அளக்கிற சொற்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. பேணி, சுண்டு, போத்தல், கலன், தகரம், பரல், வாளி, குடம், செம்பு. எல்லாமே ஏதோ ஒரு பாத்திரத்தின் பெயர். பாத்திரம் கண்முன் இருக்கிறவரை சிக்கல் இல்லை. பாத்திரம் மாறி, பெயர் மட்டும் தங்கிவிடும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது.

இதில் முதலில் பேச வேண்டியது போத்தலைப் பற்றி. காலையில் சைக்கிளில் பால் கொண்டுவருபவரிடம் நாங்கள் போத்தல் கணக்கில்தான் வாங்குகிறோம். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் போத்தல் கணக்கு. தேன், தவறணைக் கள், மண்ணெண்ணெய், எல்லாம் அப்படித்தான். இந்த இடங்களில் ஒரு போத்தல் என்றால் 750 மி.லீ. சாராயப் போத்தலின் அளவு அது. வெறுமையான சாராயப் போத்தல் உறுதியானது, எங்கும் கிடைப்பது, எல்லாம் ஒரே அளவு. அதனாலேயே அது ஊரின் பொது அளவையாகிவிட்டது.

ஏன் 750, ஏன் ஒரு முழு லீற்றர் இல்லை? ஆங்கிலேயர் காலத்தில் மதுப் போத்தல் என்பது ஒரு கலனில் ஆறில் ஒரு பங்கு. பிரித்தானியக் கலன் 4.546 லீற்றர். அதை ஆறாகப் பிரித்தால் 757.7 மி.லீ. மெற்றிக் முறை வந்தபோது அந்தப் போத்தல் 750க்கு இறக்கி வட்டமாக்கப்பட்டது. பழைய போத்தலுக்கும் புதியதற்கும் வித்தியாசம் எட்டு மில்லிலீற்றர்கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெயரும் பழக்கமும் அப்படியே தொடர்ந்தன. இலங்கையில் 1970களில் சட்டப்படி மெற்றிக் முறைக்கு மாறத் தொடங்கினோம். பெற்றோல் நிரப்பு நிலையம் லீற்றருக்கு வந்துவிட்டது. பால் இன்னும் வரவில்லை.

நாலு போத்தல் மூன்று லீற்றர். இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருந்தால் கடையில் நின்றபடியே கணக்குப் பார்க்கலாம். போத்தல் விலையோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் லீற்றர் விலை. ஒரு போத்தல் எண்ணெய் 900 ரூபாய் என்றால், 300 கூட்ட, லீற்றர் 1,200 ரூபாய். மறுபக்கம் போக, லீற்றர் விலையில் காற்பங்கைக் கழிக்க வேண்டும். 1,200 ரூபாய் லீற்றர், போத்தல் 900. சுப்பர் மார்க்கெற்றில் லீற்றரில் விற்கிற எண்ணெயையும் சந்தையில் போத்தலில் விற்கிற எண்ணெயையும் ஒப்பிடும்போது, இந்த மூன்றில் ஒன்றை மறந்துவிட்டு "சந்தையில் மலிவு" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில நேரம் சந்தையில் உண்மையாகவே மலிவாக இருக்கும். கணக்குப் பார்த்த பிறகு அதைச் சொன்னால் நல்லது.

இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. கண்ணாடிப் போத்தல் குறைந்து, தண்ணீர் வந்த பிளாஸ்ரிக் போத்தலில் எண்ணெய் ஊற்றிக் கொடுப்பது கூடிவிட்டது. அதில் 500 மி.லீ. உண்டு, ஒரு லீற்றர் உண்டு, ஒன்றரை லீற்றரும் உண்டு. எல்லாவற்றையும் போத்தல் என்றே சொல்கிறோம். அதனால் நான் இப்போது "ஒரு போத்தல்" என்று கேட்பதில்லை, "முக்கால் லீற்றர் போத்தல்" என்று கேட்கிறேன். கடைக்காரர் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

போத்தல் எவ்வளவு கொள்ளும் என்பதும், அதில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதும் வேறு வேறு. 750 என்று குறித்த போத்தலைக் கழுத்தின் விளிம்பு வரை நிரப்பினால் அதைவிடச் சற்றுக் கூடவே பிடிக்கும். மேலே விடுகிற வெற்றிடம் திரவம் சூட்டில் விரிவதற்கானது. பெற்றோல் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். காலையில் 25 பாகையில் 20 லீற்றர் கானை வாய் வரை நிரப்பி, மதியம் 40 பாகை வெயிலில் வைத்தால், கால் லீற்றருக்கும் அதிகமான பெற்றோல் இடம் தேடி மூடியைத் தள்ளும். கானில் எரிபொருள் வாங்குகிற தொழிலாளிகள் எப்போதும் மேலே நாலு விரல் விட்டு வாங்குவதற்குக் காரணம் அதுதான்.

எரிபொருளை நாங்கள் சொட்டுச் சொட்டாக அளந்த காலமும் இருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் யாழ்ப்பாணத்தில் போத்தல் கணக்கில், அதிலும் காற்போத்தல் கணக்கில் கைமாறியது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு அடைத்து, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு விளக்கெரித்தோம். அந்த விளக்கில் படித்த தலைமுறைக்கு ஒரு மேசைக்கரண்டி மண்ணெண்ணெய் எவ்வளவு நேரம் எரியும் என்பது கைக்கணக்கில் தெரியும். 2022இல் எரிபொருளுக்கு மறுபடி பங்கீடு வந்தது. கியூஆர் குறியீட்டைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20 என்று தொடங்கியது. அந்த வாரங்களில் எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று தசமத்தோடு பேசினார்கள். திரவம் அரிதாகும்போது மனிதர் தாமாகவே திருத்தமாக அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கலன் என்பது இன்னும் சுவையான சொல். gallon என்ற ஆங்கிலச் சொல்லை நாங்கள் கலன் என்று எழுதினோம். தமிழில் கலன் என்றால் ஏற்கெனவே பாத்திரம்தான். வந்த சொல்லும் இருந்த சொல்லும் ஒன்றாகிவிட, இன்று தண்ணீர் எடுக்கிற பிளாஸ்ரிக் கானும் கலன், அந்தப் பழைய அளவும் கலன். "ரெண்டு கலன் தண்ணி" என்று ஒருவர் சொன்னால், ஒன்பது லீற்றரா, இரண்டு கான் தண்ணீரா என்பதை அவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அளவையாகப் பார்த்தாலும் கலன் ஒன்றல்ல. பிரித்தானியக் கலன் 1824இல் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. பத்து இறாத்தல் தண்ணீர் அடைக்கும் இடமே அது. அமெரிக்கா அதற்கு முந்திய வைன் கலனோடு நின்றுவிட்டது. அது 231 கன அங்குலம், 3.785 லீற்றர். ஆகவே அமெரிக்காவில் இருக்கிற மாமா ஒரு கலனுக்கு 30 மைல் ஓடும் கார் வைத்திருக்கிறேன் என்றால், லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் 30 மைல் காரைவிட அது நல்ல கார். ஆறில் ஒரு பங்கு குறைந்த எண்ணெயில் அதே தூரம் போகிறது. ஊரில் பழைய மண்ணெண்ணெய்த் தகரம் நாலு கலன், அதாவது ஏறக்குறைய 18 லீற்றர். அதற்குக் கைபிடி அடித்துத்தான் முன்பு தண்ணீர் அள்ளினார்கள். பெரிய இரும்புப் பரல் பிரித்தானியக் கணக்கில் 44 கலன், 200 லீற்றர். அமெரிக்கக் கணக்கில் 55 கலன், 208 லீற்றர்.

எந்தப் பாத்திரம் என்று சொல்லாமல் அளவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் முன்னோருக்குத் தெரிந்த விடயம். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டிமுடிந்தது. அதன் கல்வெட்டுகளில் நெல் அளவைச் சொல்லும்போது வெறுமனே மரக்கால் என்று விடவில்லை, "ஆடவல்லான் என்னும் மரக்காலால்" என்று பொறித்தார்கள். மரக்காலுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருடைய மரக்காலால் அளந்தால்தான் செல்லும் என்று கல்லில் எழுதினார்கள். நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு கொடுத்து, அதிலிருந்து நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது சோழர் காலத்து வழக்கமான ஏற்பாடு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி. எல்லாம் இரண்டிரண்டாகப் பெருகுவதைப் பாருங்கள். ஓர் உழக்கை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். ஆனால் ஊருக்கு ஊர் நாழி மாறியது. மாறியதால்தான் மரக்காலுக்குப் பெயர் தேவைப்பட்டது.

எங்கள் பக்கத்தில் அந்த வரிசையின் இடத்தில் சுண்டும் கொத்தும் இருந்தன. நாலு சுண்டு ஒரு கொத்து. ஆங்கிலேயர் காலத்தில் கொத்து காற்கலனாகவும் சுண்டு அரைப் பைந்தாகவும் நிலைபெற்றது. அரைப் பைந்து 284 மி.லீ. ரின்பால் பேணி 300 மி.லீ. அளவில் இருக்கிறது. சுண்டுக்குப் பதிலாகப் பேணி எல்லா வீட்டு அரிசிப் பானைக்குள்ளும் புகுந்தது இந்த நெருக்கத்தால்தான் என்று எனக்குப் படுகிறது. அரிசியை அதால் அளக்கலாம், யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டார்கள். அதே பேணியால் கஞ்சிக்குத் தண்ணீரும் அளக்கலாம், அளக்கிறவரிடம் அந்தப் பேணி இருந்தால்.

அரிசிக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அரிசியைக் குவித்து அளக்கலாம், தலைதட்டி அளக்கலாம். குவித்தால் வாங்குபவருக்கு இலாபம், தலைதட்டினால் விற்பவருக்கு. தண்ணீரைக் குவிக்க முடியாது. அதன் மேற்பரப்பு தானாகவே மட்டமாகிவிடும். அதனால் திரவத்தை அளப்பது எளிது என்று தோன்றும். ஆனால் திரவத்துக்கும் அதற்கேயுரிய தொல்லைகள் இருக்கின்றன. கள் நுரைக்கும். முட்டியிலிருந்து வேகமாக ஊற்றினால் போத்தலின் கழுத்து நுரையால் நிறைந்து, நுரை அடங்கியதும் நாலு விரல் இறங்கிவிடும். பழகினவர்கள் நுரை அடங்கும்வரை நின்று இரண்டாம் முறை ஊற்றுவிப்பார்கள். பனையோலைப் பிளாவில் குடிப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. எண்ணெய் மறுபக்கம், அது பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். புனலை உடனே எடுக்காமல் வடியவிட வேண்டும். மார்கழி, தை மாதக் குளிர்காலையில் தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும். அப்போது அளப்பதில் பயனில்லை, வெயிலில் வைத்து இளக்கிவிட்டு அளக்க வேண்டும்.

தங்கச்சியைப் பிழைவிட வைத்த எடைக்கும் கனவளவுக்கும் திரும்பி வருகிறேன், ஏனென்றால் வாங்குகிற பலதில் இது மறைந்திருக்கிறது. தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தண்ணீரைவிட இலேசானவை, லீற்றருக்கு 920 கிராம் அளவு. ஒரு கிலோ எண்ணெய் ஒரு லீற்றரைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். தேன் கனமானது, லீற்றருக்கு 1.4 கிலோ. ஒரு போத்தல் தேன் ஒரு கிலோவைத் தாண்டும். நிறுக்கும்போது அவ்வளவு வரவில்லை என்றால் தேனில் தண்ணீர் அதிகம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம். மண்ணெண்ணெய் லீற்றர் 800 கிராம். நல்லூர்த் திருவிழாவில் லீற்றர் கணக்கில் வாங்குகிற ஐஸ்கிறீம் இன்னும் வேறு மாதிரி. அடிக்கும்போது காற்றுச் சேர்வதால், ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் அரைக் கிலோவாகவும் இருக்கலாம், முக்கால் கிலோவாகவும் இருக்கலாம். லீற்றர் பொய்யல்ல. ஆனால் அந்த லீற்றருக்குள் பால் எவ்வளவு, காற்று எவ்வளவு என்பதைத் தராசுதான் சொல்லும்.

சமையல் எரிவாயுவில் இதே கதை பெரிதாக நடந்தது. இலங்கையில் நாங்கள் பழகியது 12.5 கிலோ சிலிண்டர். 2021இல் 18 லீற்றர் என்ற பெயரோடு ஒரு சிலிண்டர் சந்தைக்கு வந்தது. 18 என்ற எண் 12.5ஐவிடப் பெரிது. ஆனால் திரவ எரிவாயு ஒரு லீற்றர் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 18 லீற்றர் என்பது ஒன்பது கிலோ சொச்சம். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால், குறைவானது கூடியதாகத் தெரியும். கிலோவில் விற்றுவந்த பொருள் லீற்றரில் வந்தாலோ, லீற்றரில் வந்தது கிலோவில் வந்தாலோ, ஒரு முறை நின்று கேளுங்கள். நாட்டில் இதற்கென்றே அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. வியாபாரத்தில் பாவிக்கிற தராசும் அளவைப் பாத்திரங்களும் முத்திரை பெற்றிருக்க வேண்டும். பால் அளக்கிற பாத்திரத்தில் அந்த முத்திரையைத் தேடிப் பார்ப்பது யாரையும் அவமதிப்பதாகாது.

கண்ணை நம்பி அளக்க முடியாது என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. தைப்பொங்கலுக்குப் பானை வாங்கும்போது 10 அங்குலப் பானையும் 12 அங்குலப் பானையும் பக்கத்தில் இருக்கும். இரண்டு அங்குலம்தானே கூட என்று நினைப்போம். ஒரே வடிவப் பானையென்றால் அகலம், நீளம், உயரம் மூன்றும் 1.2 மடங்காகின்றன. 1.2ஐ மூன்று முறை பெருக்கினால் 1.73. பெரிய பானை முக்கால்வாசி அதிகமாகக் கொள்ளும். பாலும் அரிசியும் அந்தக் கணக்கில் வாங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் திரவம் என்றால் எல்லாவற்றுக்கும் முதலில் கிணற்றுத் தண்ணீர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இந்தத் தீபகற்பத்தில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான் குடிக்கிறோம், இறைக்கிறோம். அதன் அளவு தெரிய வேண்டிய நேரங்கள் இருக்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்குக் குளோரின் போடச் சொல்வார்கள். எவ்வளவு போடுவது என்பது கிணற்றில் எத்தனை லீற்றர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் அப்பா ஒவ்வொரு முறையும் ஒரு குத்துமதிப்பில் அள்ளிப் போடுவார். ஒரு வாரம் தேத்தண்ணி குடிக்க முடியாது.

வட்டக் கிணற்றுக்கு நான் பாவிக்கிற வழி இது. கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த நீளத்தை அளந்தால் தண்ணீரின் ஆழம். அதையும் பெருக்குங்கள். வந்ததை 22ஆல் பெருக்கினால் ஏறக்குறைய லீற்றர். பத்தடி விட்டமுள்ள கிணற்றில் ஆறடித் தண்ணீர் என்றால், 10 தரம் 10 நூறு, ஆறால் பெருக்க 600, 22ஆல் பெருக்க 13,200 லீற்றர். 22 என்பது எங்கிருந்து வந்தது? ஒரு கன அடி 28.3 லீற்றர். சதுரத்துக்குள் அடங்கும் வட்டம் அந்தச் சதுரத்தின் 0.785 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 22.2. லீற்றர் தெரிந்துவிட்டால் மற்றது எளிது. ஒரு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். உதாரணத்துக்கு 5 என்றால், 13,200 லீற்றருக்கு 66 கிராம் குளோரின். தூளில் முப்பது சதவீதம்தான் குளோரின் என்றால் 220 கிராம் தூள். கிணறு சதுரமாக இருந்தாலோ, குளிக்கிற தொட்டியாக இருந்தாலோ, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3ஆல் பெருக்கினால் போதும். நாலடிக்கு மூன்றடி, இரண்டரை அடி ஆழத் தொட்டி 850 லீற்றர் கொள்ளும்.

கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கையும் லீற்றரிலேயே பேசுகிறது. வலிகாமத் தோட்டப் பகுதிகளில் பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று ஒரு பெரிய கவலை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அறிக்கை கைக்கு வந்தால் முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

தோட்டத்தில் தண்ணீரை மணித்தியாலத்தில் அளக்கிறோம். "ரெண்டு மணித்தியாலம் இறைச்சனான்" என்பது பம்ப் தெரிந்தவருக்கே பொருளுள்ள அளவு. 200 லீற்றர் பரலைக் குழாயின் கீழே வைத்து எத்தனை விநாடியில் நிறைகிறது என்று பாருங்கள். 30 விநாடியென்றால் நிமிடத்துக்கு 400 லீற்றர், மணித்தியாலத்துக்கு 24,000. தோட்டக் காணியில் ஒரு பரப்பு 253 சதுர மீற்றர். நாலு பரப்பில் அந்த 24,000 லீற்றர் சமமாகப் பரவினால், கிட்டத்தட்ட 24 மில்லிமீற்றர் மழை பெய்ததற்குச் சமன். மழைக்கும் லீற்றருக்கும் உள்ள உறவு அழகானது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். யாழ்ப்பாணத்தில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீற்றரைத் தாண்டும், அதில் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். 100 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையில் விழுவது ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல். மழைநீரை ஏந்தும் பீலி பூட்டாத கூரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

கூரை என்றதும் இன்னொன்று. 1,000 லீற்றர் தாங்கி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு தொன். பழைய வீட்டின் மதிலிலோ, தற்காலிகக் கட்டிலோ அதை ஏற்றுவதற்கு முன் மேசனிடம் கேளுங்கள். அதோடு, 1,000 என்று எழுதிய தாங்கி 1,000 லீற்றரையும் தராது. வெளியேறும் குழாய் அடியிலிருந்து சற்று மேலே, நிறுத்தும் மிதவை மேல்விளிம்பிலிருந்து சற்றுக் கீழே. இடையில் இருப்பதுதான் உங்களுக்கு.

சின்ன அளவுகளில்தான் எனக்குப் பயம் அதிகம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் பாணி கொடுக்கிறோம். 5 மி.லீ.க்குள் 120 மில்லிகிராம் மருந்துள்ளது பொதுவாகக் கிடைப்பது, அதன் இரண்டு மடங்குக்கு மேல் செறிவானதும் உண்டு. "ஒரு தேக்கரண்டி" என்று வைத்தியர் சொல்வது 5 மி.லீ. மருந்துக்கடையில் வாங்கிய ஊசியில்லாச் சிறிஞ்சால் எங்கள் வீட்டுக் கரண்டிகளை அளந்தேன். தேநீர் கலக்கிற சின்னக் கரண்டி 3 மி.லீ., பாயசத்துக்கு வைக்கிற கரண்டி 7 மி.லீ. ஒரே குழந்தைக்கு அம்மா ஒரு கரண்டியாலும் அம்மம்மா இன்னொரு கரண்டியாலும் கொடுத்தால், ஒரு வேளை குறைகிறது, அடுத்த வேளை 40 சதவீதம் கூடுகிறது. மருந்தோடு வருகிற மூடிக் கிண்ணத்தை எறியாதீர்கள். அதைச் சமதளத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். திரவம் ஓரத்தில் சுவரோடு சற்று ஏறி, நடுவில் பள்ளமாக நிற்கும். அந்தப் பள்ளத்தின் அடி கோட்டைத் தொட வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் அளவு பிழையாகத் தெரியும். தோட்டத்தில் 16 லீற்றர் தெளிகருவிக்குப் பூச்சிமருந்தை "ரெண்டு மூடி" என்று அளப்பதும் இதே ஆபத்துத்தான், போன வருடப் போத்தலின் மூடியும் இந்த வருட மூடியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

பால்மாவுக்கு அம்மாமார் இன்னும் அவுன்ஸ் சொல்கிறார்கள். பிரித்தானிய அவுன்ஸ் 28.4 மி.லீ., அமெரிக்க அவுன்ஸ் 29.6. பால்போத்தலில் 30 என்று வட்டமாக்கிக் கோடு போட்டிருப்பார்கள். இந்த வித்தியாசம் குழந்தையைப் பாதிக்காது. தண்ணீரை முதலில் கோடு வரை ஊற்றி, பிறகுதான் மாவைப் போட வேண்டும் என்பதே முக்கியம். மாவைப் போட்டுவிட்டுக் கோடு வரை தண்ணீர் விட்டால், மாவு அடைத்த இடத்துக்குத் தண்ணீர் குறைந்து, பால் தடித்துப்போகும்.

வீட்டுப் பாத்திரத்தின் கொள்ளளவை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. இலத்திரனியல் சமையல் தராசு ஒன்று போதும். வெறும் பாத்திரத்தை வைத்துப் பூச்சியமாக்கி, வழக்கமாக நிரப்புகிற மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, வருகிற கிராமை மில்லிலீற்றராக எழுதிக்கொள்ளுங்கள். விளிம்பு வரை அல்ல, நீங்கள் உண்மையாக நிரப்புகிற மட்டம் வரை. தராசு இல்லையென்றால் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் பென்சிலும் போதும்.

நான் ஒரு ஞாயிறு முழுதும் இதைச் செய்தேன். அம்மா முதலில் "இதென்ன வேலை" என்றார். பிறகு தானே ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைத்தார். பேணி 305. தேத்தண்ணிக் கோப்பை 180. செம்பு 900. அம்மம்மாவின் பித்தளை மூக்குப்பேணி, கழுத்து மட்டம் வரை, 240. ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணை எழுதி ஒட்டி, படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். "முதற்பால் 305, தண்ணி 610" என்று அவள் திருப்பி எழுதினாள். அம்மா அதை வாசித்துவிட்டு, தண்ணியைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல், அந்தக் கிழங்கு எங்கட கிழங்கு மாதிரி இழுக்காது என்றார்.